ரசீது வரும் முன்னே

“முன்னெல்லாம் கவரில் கொடுத்தோம். இனிமேல் சலானில் கட்டுவோம். இதில் உங்களுக்கு என்ன சார் குறை?”

கேட்டவர் என் நண்பர். பெங்களூரில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவதை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்கிறவர். பேச்சு ப்ரீமியம் எஃப்.ஏ.ஆர் பற்றியது. தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ என்றும் தளப்பரப்புக் குறியீடு என்றும் சொல்கிறோமே, அதே சங்கதிதான்: மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. அதற்கு மேலும் வேண்டுமென்றால் வழிகாட்டி மதிப்பில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது ப்ரீமியம். சென்னைக்கு இது பழகிப்போன ஒன்று. பெங்களூரில் இப்போதுதான் இதை நகரத்தின் வருமானக் கணக்கில் தைரியமாக எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். கூடவே, இது பெரிய சீர்திருத்தம் என்று வாதாடவும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ரியல் எஸ்டேட் மேடைகளில் பேசுகிறவர்களை விடுங்கள். நல்லெண்ணம் உள்ள நகரத் திட்டக்காரர்களே அதைத்தான் சொல்கிறார்கள். நண்பர் அதை ஒரு வரிக்குச் சுருக்கிவிட்டார், அவ்வளவுதான்.

அவர் பக்கத்து நியாயத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். நெருக்கமாகக் கட்டுவது பாவம் இல்லை. வீடு மேலே எழாவிட்டால் பக்கவாட்டில் ஓடும். ஆனேக்கல்லிலும் ஹொஸ்கோட்டேயிலும் மிச்சமிருக்கிற ராகிக் கொல்லைகளையும் தின்றுவிடும். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடி வீடுகளே நிற்பது யாருக்கும் லாபமில்லை. முதலில் கட்டு, பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள் என்ற அக்ரம-சக்ரம திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் நிறுத்திவைத்தது. அதோடு ஒப்பிட்டால், கட்டும் முன்பே விலை சொல்லி விற்பது நாகரிகம்தான். விலைப்பட்டியல் சுவரில் தொங்கினால் தரகருக்கு வேலை குறையும். எல்லாம் சரி.

என் குறை விலையில் இல்லை. விற்கிறவர் கையில் சரக்கு இல்லை என்பதுதான் குறை.

மாடி என்றால் செங்கல்லும் சிமெண்டும் மட்டும் என்று நினைத்தால் இந்த வியாபாரத்தில் தப்பே தெரியாது. ஒரு மாடியைக் கூட்டிக் கட்ட அனுமதிப்பது, நாளுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர் உள்ளே வரும், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியே போகும் என்று ஊரின் பெயரில் கொடுக்கும் வாக்கு. வாக்குக் கொடுப்பது ஒரு அலுவலகம். தண்ணீர் இருக்கவேண்டியது இன்னொரு அலுவலகத்தில். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரு தடையில்லாச் சான்றிதழ். அதற்கும் கட்டணம் உண்டு. பணம் கட்டிய ரசீதுக்கும் குழாய் பதிக்கும் தேதிக்கும் இடையே எந்தக் கட்டாயமும் கிடையாது.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலம், 4,047 சதுர மீட்டர். இரண்டு மடங்கு கட்டலாம் என்றால் சுமார் 8,100. பொது இடமெல்லாம் சேர்த்து வீட்டுக்கு நூறு சதுர மீட்டர் என்று வைத்தால் எண்பது வீடு. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர். நகரக் குடிநீருக்கு நாட்டில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு அது. நாளுக்கு 43,200 லிட்டர். ப்ரீமியம் கட்டி இன்னும் நாற்பது சதவீதம் வாங்கினால் 32 வீடு கூடும், 17,280 லிட்டர் கூடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில் சொன்னால் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை லோடு. 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்சவிலை வைத்தபோது, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லோடு 1,000 ரூபாய். அந்த விலைக்கே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஐந்தேகால் லட்சம். பில்டர் ப்ரீமியத்தை ஒரு தடவை கட்டுகிறார். கட்டியதை ஃபிளாட் விலையில் ஏற்றி வாங்கிவிடுகிறார். டேங்கர்காரருக்கு வருடா வருடம் கட்டுவது குடியிருக்க வந்தவர்.

இது கற்பனைக் கணக்கு என்றால், நடந்த கணக்கும் இருக்கிறது. 2007 ஜனவரியில் பழைய மாநகராட்சியோடு ஏழு நகராட்சிகளையும் கெங்கேரிப் பேரூரையும் 110 கிராமங்களையும் சேர்த்து பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே ஆக்கினார்கள். 226 சதுர கிலோமீட்டர் நகரம் ஒரே அறிவிப்பில் எழுநூறைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனில் 2015-க்கான மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கிடைத்தது. கிராமத்துக் கொல்லைகள் வரைபடத்தில் மஞ்சள் நிறமாயின. மஞ்சள் என்றால் குடியிருப்பு. எத்தனை மாடி என்பதை மனையின் அளவும் முன்னால் உள்ள சாலையின் அகலமும் தீர்மானிக்கும் என்று எழுதிவைத்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பத்தியே இல்லை.

அந்த 110 கிராமங்களுக்கென்று திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர், தொரேகாடனஹள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட தேதி 2024 அக்டோபர் 16. இடையில் பதினேழு வருடமும் ஒன்பது மாதமும். சேர்த்த அன்று பிறந்த பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயதில் குழாய் வந்தது. அந்தப் பதினேழு வருடத்தில் வரைபட அனுமதி ஒரு நாளும் நிற்கவில்லை. நகராட்சிப் பகுதிக்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை: காவிரி இணைப்புக்கென்று அவர்களிடம் இணைப்புக்கு முன்பே பங்குத்தொகை வசூலித்தார்கள். ரசீதை பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை மட்டும் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் இருப்பது பழைய மகாதேவபுரா நகராட்சிப் பகுதியில், ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டமாக இருந்த இடத்தில். எங்கள் வளாகத்து செக்யூரிட்டியிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கும். லோடு வந்த நேரம், வண்டி எண், ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு. விடியற்காலை நாலரைக்கு முதல் வண்டி பின்பக்கமாக உள்ளே வரும். கன்வாஸ் குழாயை சம்ப்பின் வாய்க்குள் இறக்கிவிட்டு ஓட்டுநர் வண்டியிலேயே ஒரு தூக்கம் போடுவார். அவர் எழுந்து குழாயை உருவும் முன் செக்யூரிட்டி டார்ச் அடித்து டேங்கருக்குள் பார்க்கவேண்டும். அடியில் நானூறு ஐந்நூறு லிட்டரை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது வழக்கம் என்று சங்கத்துக் கூட்டத்தில் ஒருமுறை பெரிய சண்டை வந்தது. எங்களுக்கு வீடு விற்ற பில்டரின் விளம்பரத் தாளில் ‘காவிரி நீர் விரைவில்’ என்றிருந்தது. ‘விரைவில்’ என்ற சொல்லுக்கு என் மகள் பள்ளியில் சேர்ந்த வருடத்திலிருந்து அவள் கல்லூரி முடிக்கிறவரை அர்த்தம் நீளும் என்று அப்போது தெரியவில்லை.

அடர்த்தி எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் சலானும் விலைப்பட்டியலும் வந்துவிட்டால் பேரமே போய்விடும் என்று சொல்கிறவர்கள் இதைப் பார்த்ததே இல்லை. முதல் பேரம் நிலத்துக்காரருக்கும் பில்டருக்கும். ஜாயின்ட் டெவலப்மென்ட்டில் உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்பது, மொத்தம் எத்தனை மாடி வரும் என்பதைப் பொறுத்தது. எனவே எல்லார் கண்ணும் சாலையின் அகலத்தில். கிராமத்துச் சாலை ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். தன் மனை முன்னால் ஒரு துண்டை சாலைக்கென்று எழுதிக்கொடுத்தால் அந்த இடத்தில் சாலை ஒன்பது மீட்டரோ பன்னிரண்டோ ஆகிவிடும். எங்கள் பக்கம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். அபார்ட்மென்ட் வாசலில் தெரு அகன்று, மூன்று வரிசைக் கார்கள் நிற்கும். ஐம்பது அடி தள்ளி, அரசமரமும் நாகர் கல்லும் உள்ள கட்டேயிடம் வந்ததும் அதே தெரு ஒரு ஆட்டோவும் ஒரு மாடும் ஒதுங்கிப் போகிற அளவுக்குச் சுருங்கும். மறுபடி அடுத்த அபார்ட்மென்ட் வாசலில் அகலும். மலைப்பாம்பு ஆடுகளை வரிசையாக விழுங்கினாற்போல இருக்கும். இந்த அகலத்தை வைத்து அளந்துதான் மாடி கொடுத்தார்கள். இனி இதே அகலத்தை வைத்து அளந்துதான் கூடுதல் மாடி விற்பார்கள். விலை வெளிப்படையாகிவிட்டது, அளவுகோல் அதே பழைய புளுகு.

இந்தப் பேரத்தில் உட்காராத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய போர் வற்றினால் அதற்கு மனு கொடுக்க ஜன்னல் இல்லை. 2024 கோடையில் நகரத்தின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததும் அந்த மார்ச்சில்தான். ஒரு வாளி தண்ணீரைக் கொட்டியவனுக்கு அபராதம். நாளுக்குப் பதினேழாயிரம் லிட்டருக்கு வாக்குக் கொடுத்தவருக்கு வருமானம். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்வது எனக்கே தெரிகிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

ஐந்தாம் கட்டம் வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்பார்கள். வந்த தண்ணீர் ஏற்கெனவே கட்டி முடித்ததற்கு. விற்கப்போவது இனிமேல் கட்டப்போவதற்கு. கடந்த மாதக் கடனை அடைத்த கையோடு கடைக்காரர் புதுக் கணக்குத் திறப்பதைப் போலத்தான் இது.

அதோடு, காவிரி யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. பெங்களூர்த் தமிழன் இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் முறைப்பார்கள், பரவாயில்லை. நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், படுகை எல்லை பார்த்துக் குடிநீரை மறுக்கக்கூடாது என்று சொல்லி பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி கூடுதலாகக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு மொத்தத்தில் 192-இலிருந்து 177.25 ஆகக் குறைந்ததில் இதுவும் சேர்த்தி. தாகத்துக்குத் தண்ணீர் என்ற அந்த நியாயம் எனக்கு உடன்பாடே. ஆனால் அந்த அளவு கல்லில் வெட்டியது. மாடிகளின் எண்ணிக்கையோ கருவூலத்தின் தேவையைப் பார்த்து நீட்டக்கூடியது. கல்லில் வெட்டிய ஒன்றின் மேல் ரப்பரால் ஆன இன்னொன்றை அடுக்கிக்கொண்டே போனால், அடுத்த பற்றாக்குறை வருடத்தில் மைசூர் சாலையில் யார் பஸ் எரியும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

குடித்த நீர் எங்கே போகிறது என்பதைப் பார்த்தால் கதை முழுதாகும். சேர்க்கப்பட்ட கிழக்குப் பகுதி, வர்த்தூர், பெள்ளந்தூர், மகாதேவபுரா எல்லாம், தென்பெண்ணைப் படுகையில் இருக்கிறது. காவிரியில் குடித்துப் பெண்ணையில் கழிக்கிற நிலம். பெள்ளந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்ததை உலகமே படம் பார்த்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் சோப்பு நுரை மலைமலையாக வந்து தரைப்பாலத்தை மூடுகிற படத்தை அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நுரைக்கு வரைபட அனுமதி பெங்களூரில் வழங்கப்பட்டது. கட்டணமும் பெங்களூரில் வசூலானது. ஓசூர் விவசாயி நுரை விலகும்வரை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் காத்திருக்கிறார்.

மாடியை விற்பது என்பதே தப்பு என்று சொல்லவில்லை. சாவோ பாவ்லோ நகரம் 2004 முதல் கூடுதல் கட்டட உரிமையைப் பத்திரங்களாக ஏலம் விடுகிறது. ஆனால் எந்தப் பகுதிக்கென்று ஏலம் விட்டார்களோ அந்தப் பகுதியின் வேலைகளுக்குத்தான் அந்தப் பணத்தைச் செலவழிக்கவேண்டும் என்று சட்டம். அரிசோனா மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்டாமல் ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் மனைப்பிரிவு விற்க முடியாது. 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதுப் பிரிவுகளுக்கு அங்கே அனுமதியையே நிறுத்தினார்கள். அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு, அதைப் புகுந்து கட்டியவர்களும் உண்டு. ஆனாலும் அங்கே கேள்வியாவது படிவத்தில் அச்சாகியிருக்கிறது.

நம் அரசுக்கு இந்தக் கேள்வி தெரியாது என்று நான் நம்பமாட்டேன். தெரியும் என்பதற்கு அரண்மனை மைதானமே சாட்சி. பல்லாரி சாலையையும் ஜயமஹால் சாலையையும் அகலப்படுத்த எடுத்த 15 ஏக்கர் 39 குண்டாவுக்கு ஈடாக, வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையை, அதாவது டி.டி.ஆர் சான்றிதழை, அரச குடும்பத்து வாரிசுகளுக்குக் கொடுக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மதிப்பு 3,000 கோடிக்கு மேல். அடுத்த மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்தது மாநில அரசு. இவ்வளவு மாடியை நகரம் தாங்காது, பொதுச் சொத்து கரைந்துபோகும் என்றெல்லாம் அப்போது கவலை பொங்கியது. தன் தலையில் பில் விழுந்தபோது மாடி என்பது கடன் என்று அரசுக்குப் புரிந்தது. தான் விற்கும்போது மட்டும் அது வருமானம். நண்பரிடம் இதைச் சொன்னேன். “அது வேற கேஸ் சார்” என்றார். எந்த விதத்தில் வேறு என்று அவர் சொல்லவில்லை, நானும் விடவில்லை.

இதையெல்லாம் தட்டிக்கேட்கத்தான் வார்டு உறுப்பினர்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். பாலிகேயின் கடைசிக் கவுன்சில் 2020 செப்டம்பரில் காலாவதியானது. தேர்தல் நடத்தாமலே 2025 செப்டம்பர் 2-ஆம் தேதி நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. அடுத்து எந்தெந்த கிராமங்களைச் சேர்க்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. 2031-க்கென்று போட்ட மாஸ்டர் பிளான் வரைவை 2017-இல் வெளியிட்டு 2020-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2015-ஐ இலக்காக வைத்த பழைய தாளின் மேல்தான் இன்னமும் மாடி அளந்து விற்கிறார்கள். காலாவதியான மருந்தை விற்றால் கடைக்கு சீல் வைப்பார்கள்.

சரி, என்னதான் கேட்கிறீர்கள் என்று நண்பர் மடக்கினார். பெரிதாக ஒன்றுமில்லை. கூடுதல் மாடிக்குக் கட்டிய பணம் அந்த வார்டின் குழாய்க்கும் ராஜகாலுவே என்கிற பெரிய வடிகாலுக்கும் என்று தனிக் கணக்கில் கிடக்கட்டும். இந்தத் தேதிக்குள் இத்தனை லிட்டர் என்று குடிநீர் வாரியம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் சலான் செல்லாது என்று ஒரு வரி சேர்க்கட்டும். “அப்படிச் செய்தால் ஒரு கட்டடமும் எழும்பாது சார்” என்றார் அவர், பட்டென்று. ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. அவர் சொன்னதுதான் என் கட்டுரை முழுவதும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும், ஏனென்றால் பேச்சை மாற்ற மடிக்கணினியைத் திறந்து, வர்த்தூர்ப் பக்கம் தான் போட்டுக்கொண்டிருக்கும் புது வேலையின் வரைபடத்தைக் காட்டினார்.

அழகான வேலை. காற்றோட்டம், வெளிச்சம், நடுவில் ஒரு மரத்தை வெட்டாமல் சுற்றிக் கட்டியிருக்கிறார். நுழைவாயிலுக்கு இடப்பக்கம், சம்ப்பை ஒட்டி, ஒரு பெரிய செவ்வகம் காலியாகக் கிடந்தது. பார்க்கிங்கும் இல்லை, தோட்டமும் இல்லை.

“இது என்ன?”

“டேங்கர் திரும்ப வேண்டாமா சார்? இரண்டு வண்டி ஒரே நேரத்தில் நிற்கிற மாதிரி விட்டிருக்கேன்.”